கொல்லையில் நட்ட அருகு

டிவியில் கோல்ஃப் காட்டினால் எல்லோரும் பந்து போகிற திசையைப் பார்ப்பார்கள். நான் புல்லைப் பார்ப்பேன். அதுவும் ஏதாவது வளைகுடா நாட்டில் நடக்கிற போட்டி என்றால், ஓரம் ஒழுங்காக வெட்டியிருக்கிறார்களா, எங்கேயாவது மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று கண் தானாகத் தேடும். பத்து வயதில் ஒரு கோல்ஃப் புல்லுக்குக் காவல் இருந்தவள் நான் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். செஞ்சியில் ஏது கோல்ஃப் என்கிறார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மலைமேல் கோட்டை உண்டு, மலை முழுக்க உருண்டைப் பாறை உண்டு, வேண்டிய மட்டும் குரங்கு உண்டு. கோல்ஃப் மட்டும் கிடையாது. ஆனால் ராஜகிரி மலைக்குக் கீழே, எங்கள் கடலைக் கொல்லையின் மூலையில், ஒரே ஒரு பருவம் அது இருந்தது.

அதைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. மஸ்கட்டில் வேலை. எங்கள் தெருவில் எந்தக் கடல் தாண்டிப் போனாலும் அதற்குத் துபாய் என்று பெயர் என்பதால் அவரும் துபாய்க்காரர்தான். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, "கிளப்புல இருக்கான்" என்பாள். அந்தக் 'கிளப்' அவள் வாயில் கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஒலிக்கும். உண்மையில் மாமா அங்கே மணல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

அந்த மணல் கதையை அவர் சொன்னால் நாள் முழுக்கக் கேட்கலாம். எண்ணெய் எடுக்க வந்த வெள்ளைக்காரர்களுக்குப் பொழுது போகவில்லையாம். அவர்கள் ஊர் ஆட்டம் புல்லில் ஆடுவது; இங்கே புல் இல்லை. அதற்காக விட்டுவிடுகிற ஆட்களா? பாலைவனத்தில் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு அங்கேயே ஆடத் தொடங்கினார்கள். குழி இருக்கிற வட்டத்தில் மட்டும் மணலோடு எண்ணெயைக் கலந்து அமுக்கிவிடுவார்கள். காற்றில் பறக்காது, பந்தும் உருளும். மற்ற நாட்டில் அந்த வட்டத்துக்கு கிரீன் என்று பெயர், இங்கே பிரவுன். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் புல்பாயைக் கையோடு தூக்கிக்கொண்டு நடப்பார். பந்து விழுந்த இடத்தில் பாயைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடித்துவிட்டு, மறுபடி பாயை எடுத்துக்கொண்டு போவார். அவர்கள் காலடித் தடத்தைப் பெருக்கிச் சமன் செய்வதுதான் மாமாவின் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் கையில் எண்ணெய் வாடை போகாது.

பிறகு பக்கத்து நாட்டுக்காரர்கள் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கி, பாலைவனத்துக்கு நடுவே அசல் புல்லிலேயே மைதானம் போட்டுவிட்டார்கள். உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் விமானம் ஏறி வந்து ஆடினார்கள். டிவியில் காட்டினார்கள். சுற்றியிருந்த நாடுகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக மணலை மூடிப் புல் போட ஆரம்பித்தன. கடைசியில் மாமாவின் கிளப்புக்கும் அந்த ஆசை வந்தது. புல் வந்தால் மணல் பெருக்குகிறவனுக்கு அங்கே என்ன வேலை?

அவர்களுக்கு மேலே ஒரு மலையாளி சூப்பர்வைசர். ஆட்களைக் கூட்டி வைத்து, புல் வளர்க்கத் தெரிந்தவர்களை மட்டும் வைத்துக்கொள்வோம், யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். மாமா ஒரு படி மேலே போய், "எங்க கொல்லையிலேயே வளத்திருக்கேன் சார்" என்று அளந்துவிட்டார். எங்கள் பக்கம் அருகம்புல்லைப் பிடுங்கத் தெரிந்தவர்கள் உண்டு, வளர்க்கத் தெரிந்தவர் யாரும் கிடையாது. சூப்பர்வைசர் லேசுப்பட்டவர் இல்லை. லீவில் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்கு வருவதாக இருக்கிறேன், செஞ்சி வழியில்தானே இருக்கிறது, இறங்கி உன் புல்லைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஆக, மாமா அந்த முறை லீவில் வந்தபோது கொண்டுவந்தது சென்ட் பாட்டில் இல்லை. கைப்பிடியில் டேப் சுற்றிய ஒரு பழைய மட்டை, எண்ணெய்க் கறை ஏறின ஒரு பந்து, மூஞ்சி நிறைய பயம்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் கட்டத் தொடங்கின வீடு லிண்டல் மட்டத்தில் நின்றுபோய், அதற்குள் வேலிக்காத்தான் முளைத்திருந்தது. அத்தையும் குழந்தையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அந்தக் குழந்தையை மாமா அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தார். அவன் அவரைப் பார்த்ததும் வீரிட்டு அழுது என் அம்மாவின் தோளில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டான். "பழகிடுவான் உடு" என்றாள் அம்மா. "வேல இல்லாம திரும்பி வந்து நின்னா ஊரு சிரிக்கும், அத மொதல்ல பாரு."

புல்லுக்கு இடம் கேட்டபோது நைனா, அதாவது என் அப்பா, ஆடிப் போய்விட்டார். அவர் வாழ்நாளில் பாதி அருகோடு மல்லுக்கட்டியதில்தான் போயிருந்தது. கடலைக் கொல்லையில் ஒரு கணு மிச்சம் இருந்தாலும் அடுத்த மழைக்குப் பாத்தி முழுக்க ஓடிவிடும்.

"இந்தப் புல்லப் புடுங்கிப் புடுங்கி எனக்கு நகமே தேஞ்சி போச்சி. நீ இன்னாடான்னா நட்டு வளக்கிறேங்கிற. மண்ட கிண்ட கொழம்பிப் போச்சா மச்சான்?"

"அங்க போடப் போறதும் இதே ஜாதிதான் மாமா. ஒரு மூல போதும்."

அக்கா புருஷனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவர் மாமா, அவருக்கு என் நைனா மாமா. அந்த வீட்டில் மாமா என்று யார் கூப்பிட்டாலும் இரண்டு பேரில் ஒருவர் திரும்புவார். அன்றைக்கு இரண்டு பேருமே திரும்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அம்மா சாப்பாட்டுத் தட்டை ஓசையோடு வைத்த விதத்தில் நைனாவுக்குப் புரிந்து, கிணற்றோரம் ஒரு மூலையைக் கொடுத்தார். கொடுத்தாரே தவிர மாமாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வரப்பெல்லாம் அலைந்து அருகு பிடுங்கி வந்தோம். அதை எப்படி நடுவது? அம்மாவுக்கும் அத்தைக்கும் தெரிந்தது ஒரே ஒரு நடவு. சேறு குழப்பி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெல் நாற்று மாதிரி வரிசை பிடித்து நட்டுவிட்டார்கள். பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து கடலைக்குக் களை எடுக்க வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, களையை நடுகிற குடும்பத்தை இப்போதுதான் பார்க்கிறோம் என்று வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அருகு தெரிந்தால் கை சும்மா இருக்காது என்பதால், மாமா சுற்றிலும் முள் அடைத்து, வாசலுக்கு ஒரு படல் வைத்தார். காவலுக்கு என்னை வைத்தார். ஸ்கூல் விட்டால் நேரே கொல்லைதான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நைலான் கயிற்றால் படலைக் கட்டி இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். அவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. தலைகால் புரியவில்லை.

புல் பிடித்துக்கொண்டது. மாமா அத்தையின் தையல் கத்தரியால் அதை மட்டமாக வெட்டினார். அத்தை கத்தரி போயிற்றே என்று புலம்பினார். மாமா சிமெண்ட் அடைத்த குழாயை உருட்டித் தரையை அமுக்கினார். நடுவில் ஒரு பால் பவுடர் டப்பாவைப் புதைத்துக் குழி செய்தார். முதலில் வரிசை வரிசையாகத் தெரிந்தது, பிறகு ஒன்றாகக் கூடிப் பச்சையாகிவிட்டது.

நைனா ஒருநாள் வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டு அந்த மூலைக்குத் தண்ணீரை அடைத்தார். மறைத்துச் செய்யவில்லை. எல்லோர் எதிரிலும் மண்வெட்டியோடு நின்று, "கடல பூ எறங்குற நேரம். மூணு பேஸ் கரண்ட்டு வர்றதே கொஞ்ச நேரம். தண்ணி அதுக்குத்தான்" என்றார். புல் மஞ்சள் தட்டிவிட்டது. நான் குடம் குடமாகக் கிணற்றிலிருந்து சுமந்து ஊற்றினேன். அன்றிலிருந்து நைனாவை நான் எதிரிக் கட்சியில் சேர்த்துவிட்டேன். அவர் கொல்லைக்குள் வந்தால் அவர் கையைத்தான் பார்ப்பேன்.

மாமாவிடம் வந்த மாறுதலை மட்டும் நான் கவனித்தும் கவனிக்காமல் இருந்தேன். முதல் வாரங்களில் புல்லை முகத்தருகே வைத்துப் பார்த்தவர், வரவர குழந்தையோடு மட்டுமே இருந்தார். அவன் பழகிவிட்டான். பழகியது மட்டுமில்லை, அவர் இல்லாமல் சோற்றுக்கு வாயே திறக்க மாட்டான். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லின்மேல்தான் அவன் நடக்கப் பழகினான். எனக்கு வந்ததே கோபம்.

"மாமா! புல்லு அமுந்துது! அவன எறக்கி வுடாதீங்க!"

"அமுந்தட்டும் பாப்பா" என்றார் மாமா. பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "நான் திரும்பி வரச்சொல்லோ இவன் ஸ்கூலுக்கே போவான்" என்றார். நான் அதற்குள் கால் தடத்தைத் தடவி நிமிர்த்த உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அவர் வாயைத் திறக்க வழியே இல்லை. "நான் வேணும்னா இங்கியே எதுனா பாத்துக்கட்டா அக்கா?" என்று ஒருநாள் மெல்ல இழுத்தார். அம்மா முறத்தை அப்படியே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "சாமி, அந்தப் பேச்ச மட்டும் எடுக்காத. மேல்மலையனூர் அமாவாசைக்கு வேண்டிக்கினு இருக்கேன்." அத்தை அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சூப்பர்வைசர் வருகிற நாளும் வந்தது. திண்டிவனம் தாண்டியதும் போன் பண்ணுகிறேன் என்று சொல்லியிருந்தார். எனக்கு விடியும் முன்பே முழிப்பு வந்துவிட்டது. பல்லைக்கூடத் தேய்க்காமல் கொல்லைக்கு ஓடினேன்.

படல் திறந்து கிடந்தது. பக்கத்துக் கொல்லைக்காரரின் ஆடுகள் வரப்பு வழியாக வந்து, நாலைந்து உள்ளே நுழைந்து, மூலையில் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. இன்னும் சில வாசலில் முட்டிமோதின. மாமா படலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் என் நைலான் கயிறு. ஆடுகளைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அதிர்ச்சியில் மனிதர் கல்லாகிவிட்டார் என்று நினைத்தேன். "மாமா! ஆடு மாமா!" என்று நான் போட்ட கூச்சலில் மலைப் பக்கத்துக் குரங்குகளே சத்தம் போட்டன. உள்ளே பாய்ந்து, கிடைத்த குச்சியால் விளாசி, ஒரு கிடாயின் கொம்பைப் பிடித்து இழுத்து, முள் கிழித்தது தெரியாமல் எல்லாவற்றையும் வெளியே தள்ளிப் படலைச் சாத்தினேன். என் சத்தம் கேட்டு அம்மாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தையும் ஓடிவந்தார்கள். ஒரு மூலை தரையோடு தரையாக மேயப்பட்டிருந்தது. டப்பாவைச் சுற்றிக் குளம்புத் தடம். அம்மா வாயில் அடித்துக்கொண்டாள்.

"யாரு தொறந்தது? நீ நேத்து கட்டுனியா இல்லியாடி?"

"கட்டுனேம்மா. ரெண்டு முடிச்சு போட்டேன். ஆடு அவுக்காதும்மா. யாரோ அவுத்துவுட்டிருக்காங்க!"

அந்த நேரம் பார்த்து நைனாவின் டிவிஎஸ் வந்து நின்றது. விடிகாலையிலேயே பால் சொசைட்டிக்குப் போனவர், காலி கேன்களோடு அப்போதுதான் திரும்பி வருகிறார். கேன் ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் யார் யோசித்தது? நான் விரலை நீட்டினேன்.

"நைனாதான்! நைனாதான் அவுத்துவுட்டுது! அன்னிக்கித் தண்ணிய அடச்ச மாதிரி!"

நைனா என்னைப் பார்த்தார். மேய்ந்த மூலையைப் பார்த்தார். பிறகு மாமாவின் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். அப்புறம் மாமாவின் முகத்தை, ஒரு மாதத்துக்கு மேல் ஏறெடுத்துப் பார்க்காத முகத்தை, கொஞ்ச நேரம் பார்த்தார். அத்தையின் இடுப்பிலிருந்து குழந்தை மாமாவிடம் தாவிக்கொண்டிருந்தான்.

"ஆமா. நான்தான் தொறந்தேன்" என்றார் நைனா. "தண்ணி மட பாக்க வந்தேன். கட்டாம வுட்டுட்டேன்."

"மாமா..." என்று மாமா வாயெடுத்தார்.

"கம்முனு இரு மச்சான். கார் வர்ற நேரம்."

அம்மா அன்றைக்கு நைனாவைப் பேசிய பேச்சை நான் இங்கே எழுத மாட்டேன். அவள் தம்பி பிழைப்பில் மண்ணைப் போட்டவர், வயிற்றெரிச்சல் பிடித்தவர் என்பதெல்லாம் அதில் நாகரிகமான பகுதி. நைனா தலையைக் குனிந்துகொண்டு கேனை இறக்கி வைத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. என் நைனா இப்படிப்பட்டவரா என்று இருந்தது. அதற்குள் மாமாவின் போன் அடித்தது. சூப்பர்வைசரின் கார் திண்டிவனத்தைத் தாண்டிவிட்டது.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் செய்தது இருக்கிறதே! அத்தை மழுங்கிய கத்தரியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேய்ந்த மூலைக்கும் மேயாத இடத்துக்கும் மட்டம் சேர்த்தார். அம்மா குளம்புத் தடத்தில் மணலைப் போட்டு உள்ளங்கையால் அமுக்கினாள். நான் ஆட்டுப் புழுக்கை பொறுக்கினேன். மாமா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அவரும் குனிந்தார்.

சூப்பர்வைசர் வேட்டியில் இருந்தார். நெற்றியில் சந்தனம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தார். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். மாமா டேப் சுற்றிய மட்டையை எடுத்து, ஏனோ குறிகூடப் பார்க்காமல் தட்டினார். பந்து உருண்டு, மேய்ந்த மூலையின் ஓரமாக வளைந்து, டப்பாவைத் தொடாமல் நின்றுவிட்டது. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் பந்தைப் பார்க்கவில்லை. மூலைக்குப் போய் மண்டியிட்டார்.

"இது எந்தா? இவ்வளவு சின்னதா எந்த மெஷின்ல கட் பண்ணிச்சு?"

நான்தான், "ஆடு சார்" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அங்கேயும் வேலி தாண்டி ஆடு வருமாம், சமயத்தில் ஒட்டகமே வருமாம். இத்தனை ஒட்ட மேய்ந்தும் வேர் அசையாமல் நிற்கிறதே என்று மாமாவின் முதுகில் தட்டினார். "இவன் வேணும். அடுத்த மாசம் புல்லு எறங்குது. லீவ் முடியறதுக்கு முன்னாடியே வந்திடணும்." காரில் அவர் மனைவி காத்திருந்தார். மோர் மட்டும் குடித்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார்.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் அந்த நேரத்துக்குப் போயிருக்காவிட்டால் எல்லாம் போயிருக்கும் என்று தெரு முழுக்கச் சொன்னாள். எனக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுத்தாள். என்னைவிடச் சந்தோஷமான ஆள் அன்றைக்குச் செஞ்சியில் இருந்திருக்க முடியாது.

அந்தக் கயிற்றை அவிழ்த்தது யார் என்பது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று. எனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, வேலைக்குக் கிளம்பும் காலையில் அவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தபோது, கயிறும் கையுமாக நின்ற மாமாவின் முகம் திடீரென்று கண்முன் வந்தது. அவருக்குப் போக மனசில்லை. அதைச் சொல்ல வாயும் இல்லை. ஆட்டிடம் விட்டுப் பார்த்தார். அது நைனாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு அவர் மாமாவைக் காப்பாற்றினாரா, மாட்டிவிட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நைனாவுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

மாமா கிளம்பின அன்று பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் போனோம். சென்னை பஸ் நின்றிருந்தது. குழந்தை அவர் சட்டைக் காலரை விடவில்லை. அத்தை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. மாமா அம்மாவிடம் தலையாட்டினார், என் தலையைத் தொட்டார். பிறகு கூட்டத்தைத் தாண்டி, தள்ளி நின்றிருந்த நைனாவிடம் போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் விசில் அடிக்கிற வரைக்கும் விடவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் பேச்சில்லாத இரண்டு பேர் இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மாமா பெரிய மனசுக்காரர், கெடுதல் செய்தவரையே மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் போன பிறகு நைனா டிவிஎஸ்ஸைக் கிளப்பி, "ஏறு பாப்பா" என்றார். நான் ஏறவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் வண்டியை அணைத்துவிட்டு, அதைத் தள்ளிக்கொண்டே வீடு வரைக்கும் எங்கள் பின்னால் வந்தார். செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டுத்தான் அப்படி வருகிறார் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.